கூட்டைக் காத்த கண்கள்

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவனுக்கு இரவு என்பது உறங்குவதற்கான நேரம் அல்ல. பின்னிரவு இரண்டு மணிக்கு முன்பக்கம் அச்சுக்குப் போகும் வரை விழித்திருந்து பழகிய கண்கள், ஓய்வு பெற்ற பின்னரும் அந்த நேரம் வரை மூட மறுக்கின்றன. 2012 ஆம் ஆண்டு அவ்வாறு உறக்கம் வராத இரவுகளில், இலண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்பொன்றைத் திறந்து பார்க்கும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது. கொழும்பில் இரவு 11.30 மணி என்றால் பிரித்தானியாவில் கோடைகால மாலை 7 மணி. அங்கு வெயில் இன்னும் மறைந்திருக்காது. கணினித் திரையில் ஒரு பறவைக் கூடு தெரியும். கூட்டில் ஒரு பறவை அமர்ந்திருக்கும். பெரும்பாலான நேரங்களில் வேறெதுவும் நடக்காது.

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், மகன்லெத் என்ற சிற்றூருக்கு அருகே டவி ஆறு கடலை நோக்கி விரிகின்ற சதுப்பு நிலம் ஒன்றுண்டு. அங்கு நாட்டப்பட்ட உயரமான கம்பத்தின் உச்சியிலே அந்தக் கூடு இருந்தது. கூட்டுக்குரியவை இரண்டு விராலடிப்பான்கள். ஆண் பறவைக்கு மொண்டி என்றும் பெண் பறவைக்கு நோரா என்றும் அதனைப் பராமரித்த வனவிலங்கு அறக்கட்டளையினர் பெயர் சூட்டியிருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டான 2011 இல்தான் அந்த இணை அங்கு முதன்முதலாகக் குஞ்சு பொரித்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாக விராலடிப்பான் குஞ்சு எதுவும் பிறந்ததில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பறவையைப் பற்றி எழுதப் புறப்பட்ட இந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று என் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் எண்ணக்கூடும். பறவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால், அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், என் தொழில் வாழ்க்கை முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்த கேள்வியொன்று அங்கும் வந்து குந்திக்கொண்டது. பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன பொறுப்பு உண்டு? இதுவே அந்தக் கேள்வி.

பருவத்தின் ஒழுங்கு

முதலில் பறவையை அறிமுகம் செய்ய வேண்டும். விராலடிப்பான் என்ற தமிழ்ப் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது. மீனைத் தவிர வேறெதையும் அது உண்பதில்லை என்றே கூறிவிடலாம். நீருக்கு மேலே வட்டமிட்டு, ஒரு கணம் சிறகடித்து அந்தரத்தில் நின்று, கால்களை முன்னே நீட்டியபடி நீரில் வந்து விழும். அதன் பாதத்தின் அடியிலே முள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்புறமாகத் திருப்பக்கூடிய அமைப்பும் உண்டு. முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு நகங்களும் வழுக்கும் மீனைக் கிடுக்கியாகப் பற்றிக்கொள்ளும். மீனைத் தூக்கிச் செல்லும்போது அதன் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் தந்திரம் அது.

வட ஐரோப்பாவில் கூடு கட்டும் விராலடிப்பான்கள் குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவில். செனகல், காம்பியா ஆகிய நாடுகளின் கரையோரங்கள் அவற்றின் மறு வீடு. ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றர் தொலைவு. ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பயணம் செய்வதில்லை. குளிர்காலத்தில் ஒன்றாக வாழ்வதுமில்லை. ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஒன்றையொன்று காணாது இருந்துவிட்டு, மார்ச் மாத இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஒரே கூட்டுக்கு, சில நாட்கள் முன்பின்னாக, இரண்டும் வந்து சேருகின்றன. அவை விசுவாசமாக இருப்பது ஒன்றுக்கொன்றா, அல்லது கூட்டுக்கா என்பது விவாதத்துக்குரியது. கூட்டுக்கே என்று கூறுவோர் அதிகம். ஒன்று வராவிட்டால் மற்றது நீண்ட நாள் காத்திருப்பதில்லை. 2013 இல் நோரா திரும்பவில்லை. மொண்டி அந்த ஆண்டே வேறொரு பெண்பறவையுடன் குடும்பம் நடத்தியது. மனித அளவுகோலை அங்கே கொண்டுபோகக் கூடாது.

வந்து சேர்ந்ததும் கூட்டைப் பழுதுபார்க்கும் வேலை. ஆண் பறவை சுள்ளிகளைச் சுமந்து வரும். பெண் பறவை அவற்றை இடம் மாற்றி மாற்றி அடுக்கும். ஆண் மீன் கொண்டுவந்து கொடுக்கும். இந்த மீன்தான் அவற்றின் உறவின் அத்திபாரம். எவ்வளவு மீன் கொண்டு வருகிறது என்பதில் இருந்தே இவன் குடும்பம் நடத்தக்கூடியவனா என்பதை அவள் கணக்கிடுகிறாள் என்று பறவையியலாளர்கள் கூறுவார்கள். ஏப்ரலில் வழமையாக மூன்று முட்டைகள். அடைகாப்பு ஏறத்தாழ 37 நாட்கள். பெரும்பகுதி பெண்ணின் கடமை. அவள் மீனை எடுத்துக்கொண்டு அருகே ஒரு கிளையில் அமர்ந்து உண்ணும்போது ஆண் வந்து முட்டைகளின் மீது அமர்ந்துகொள்ளும். தன் கூரிய நகங்கள் முட்டையைக் கீறிவிடாதபடி விரல்களை மடித்து, முட்டையின் மீது பதமாகத் தாழும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

முட்டைகள் வெடித்துக் குஞ்சுகள் வெளிவந்த பின்னர், முதல் பத்து நாட்களே ஆபத்தானவை. தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு அப்போது இல்லை. தாய் எழுந்தால் நனைந்து குளிரில் விறைத்துவிடும். தாய் எழாவிட்டால் ஊட்டுவதற்கு மீன் வேண்டும். மீனுக்குத் தந்தையே வழி. தந்தைக்கோ தெளிந்த நீர் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

ஜூன் மாத வெள்ளம்

2012 ஜூன் 8, 9 ஆம் திகதிகளில் மேற்கு வேல்ஸில் பெருமழை பெய்தது. ஆறுகள் பெருகிக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. மக்கள் வீடுகளில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் செய்தியின் ஓரத்திலே டவி சதுப்பு நிலத்தின் கம்பத்து உச்சியில் இந்த நாடகம் நடந்துகொண்டிருந்தது. நோரா சிறகுகளை விரித்து, கூடாரம் போலக் குஞ்சுகளின் மேல் அமர்ந்திருந்தாள். காற்று அவளைத் தள்ளியது. மழை அவள் முதுகில் இருந்து வழிந்தது. மொண்டி வழமையாக மடவை மீன் பிடிக்கும் முகத்துவாரம் செந்நிறச் சேறாகிவிட்டது. கலங்கிய நீரில் மீன் தெரியாது. மீன் தெரியாவிட்டால் விராலடிப்பானும் குருடுதான்.

பிறந்து சில நாட்களே ஆன மூன்று குஞ்சுகளில் இரண்டு இறந்தன. மூன்றாவது தலையைத் தூக்கவும் வலுவின்றிக் கிடந்தது.

அதுவரை நான் ஒரு பார்வையாளன் மட்டுமே. என்னைப் போல உலகின் பல பாகங்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது செய்யுங்கள் என்று அவர்கள் எழுதினார்கள். இயற்கையை அதன் போக்கில் விடுங்கள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தவர்கள் பறவையை நேசிப்பவர்களே.

அறக்கட்டளையினர் முடிவெடுத்தார்கள். கூட்டுக்கு ஏறி, எஞ்சிய குஞ்சுக்கு மீன் ஊட்டி, மீண்டும் தாயிடம் விட்டார்கள். குஞ்சு பிழைத்தது. மழை ஓய்ந்தது. நீர் தெளிந்தது. மொண்டி மீன் கொண்டுவந்தது. அந்தக் குஞ்சுக்கு அருகில் ஓடும் சிற்றாறு ஒன்றின் பெயரை ஒட்டிக் கெயிலன் என்று பெயரிட்டார்கள். கோடையின் பிற்பகுதியில் அது சிறகு விரித்துப் பறந்தது. முதுகில் பொருத்தப்பட்ட செய்மதிக் கருவியுடன் ஆபிரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. வழிகாட்ட எவரும் இல்லை. விராலடிப்பான் குடும்பத்தில் முதலில் தாய் புறப்பட்டுவிடும். தந்தை குஞ்சுகளுக்கு இறுதிவரை மீன் கொடுத்துக்கொண்டிருக்கும். குஞ்சுகளோ தனித்தனியே, முன்னர் கண்டிராத ஒரு கண்டத்தைத் தேடிப் போகும். கெயிலனும் அவ்வாறே மேற்கு ஆபிரிக்காவை அடைந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தைக் கடக்கவில்லை. அங்கேயே இறந்துவிட்டது.

அப்படியாயின், கூட்டுக்கு ஏறி அதனைக் காப்பாற்றியது வீண் வேலையா? இதற்கு விடை கூறுவதற்கு முன்னர் அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. ஏனெனில், விராலடிப்பானின் கூட்டை மனிதர் காவல் காக்கும் கதை ஸ்கொட்லாந்தில் ஓர் இரவில் தொடங்கியது.

இரகசியம் தோற்ற இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவின் விராலடிப்பான்கள் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டன. தங்கள் மீனைத் திருடுகின்றன என்று பண்ணையார்கள் சுட்டார்கள். பதனிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காகச் சிலர் சுட்டார்கள். அரிதாகிப் போனதும் அதன் முட்டைக்கு மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறியதும் முட்டை சேகரிப்போர் எஞ்சியிருந்த கூடுகளைத் தேடி ஏறினார்கள். அரிதானது என்பதற்காகவே அழிக்கப்படுவது மனிதன் கண்டுபிடித்த தனிக் கொடுமை. 1916 ஆம் ஆண்டளவில் ஸ்கொட்லாந்திலும் அவை கூடு கட்டுவது நின்றுபோயிற்று என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

1954 இல் லொக் கார்ட்டன் என்ற ஏரிக்கு அருகே ஓர் இணை மீண்டும் கூடு கட்டியது. ஸ்கண்டிநேவியாவில் இருந்து வந்த பறவைகள் என்று கருதப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் தோல்விக்கு மேல் தோல்வி. பறவைகள் பாதுகாப்புக்கான ரோயல் சங்கத்தின் ஸ்கொட்லாந்துப் பொறுப்பாளராக இருந்த ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன் 1958 இல் முழுநேரக் காவல் போட்டார். கூடு இருக்கும் இடம் இரகசியமாக வைக்கப்பட்டது. தொண்டர்கள் முறைவைத்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். ஜூன் மாதத்தின் ஓர் இருண்ட இரவில், அவர்கள் காவல் இருக்கும்போதே, ஒருவன் மரத்தில் ஏறிவிட்டான். காவலர்கள் ஓடிவந்தார்கள். அவன் இருளில் தப்பிவிட்டான். விடிந்த பின்னர் மரத்தின் அடியிலே விராலடிப்பானின் முட்டைகள் உடைந்து கிடந்தன. கூட்டுக்குள் இரண்டு கோழி முட்டைகள், விராலடிப்பான் முட்டை போலத் தோன்றும்படி சப்பாத்துக்குப் பூசும் மையால் புள்ளியிடப்பட்டுக் கிடந்தன.

அடுத்த ஆண்டு வோட்டர்ஸ்டன் எடுத்த முடிவுதான் என் போன்ற பத்திரிகைக்காரனை நிமிர்ந்து உட்கார வைப்பது. 1959 இல் முட்டைகள் பொரித்ததும், அவர் அந்தச் செய்தியை உலகுக்கு அறிவித்தார். வந்து பாருங்கள் என்று மக்களை அழைத்தார். மரத்தைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. பாதுகாப்பான தொலைவில் மறைவிடம் அமைத்துத் தொலைநோக்கி வைக்கப்பட்டது. அவருடைய சங்கத்துக்குள்ளேயே பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்க வேண்டும். அரிய பறவையின் கூட்டை விளம்பரம் செய்வதா? அந்தக் கோடையில் ஏறத்தாழ 14,000 பேர் வந்து பார்த்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்து சென்றன. அன்றிலிருந்து அந்த ஓரிடத்துக்கு மட்டும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சென்றிருக்கிறார்கள். இன்று பிரித்தானியாவில் 200 இணைகளுக்கு மேல் கூடு கட்டுகின்றன. 1996 இல் இருந்து ஸ்கொட்லாந்துக் குஞ்சுகள் சில ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு வளர்க்கப்பட்டன. 2001 இல் அங்கும் ஓர் இணை குஞ்சு பொரித்தது. டவியின் நோரா அந்த ரட்லண்ட் வழியில் வந்தவள்தான்.

ஒரு சிலர் மட்டும் அறிந்த இரகசியத்தைக் காப்பாற்ற அந்தச் சிலரே போதாது. ஆயிரம் பேர் அறிந்த கூட்டை நோக்கி ஏணி கொண்டுபோகத் திருடன் தயங்குவான். வெளிச்சம் காவல், இருட்டே ஆபத்து. இதைப் பறவைகளைக் கொண்டு நிரூபித்தவர் வோட்டர்ஸ்டன். தகவலை மூடிவைப்பதே பாதுகாப்பு என்று நம்புகிற அதிகாரிகளை என் தொழில் வாழ்க்கையில் எண்ணற்ற தடவைகள் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கேனும் லொக் கார்ட்டன் கதையைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

மறுதரப்பும் உண்டு. வெளிச்சம் எல்லா வேளைகளிலும் காப்பாற்றுவதில்லை. 2021 ஏப்ரல் 30 ஆம் திகதி இரவு, வட வேல்ஸின் பிரெனிக் நீர்த்தேக்கத்தில் விராலடிப்பான் கூடு இருந்த கம்பத்தை எவரோ இயந்திர வாளால் அறுத்து வீழ்த்தினார்கள். அந்தப் பருவத்தின் முதல் முட்டை அப்போதுதான் இடப்பட்டிருந்தது. சேகரிப்பவனின் பேராசை கூட அங்கில்லை. வெறும் அழிப்பு. ஆனால் அந்தச் செய்தி மறுநாளே நாடெங்கும் பரவி, முகம் தெரியாத மக்களெல்லாம் கொதித்தெழுந்ததற்குக் காரணம், அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் இந்தப் பறவையைப் பார்த்துப் பழகியிருந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுடப்பட்டவற்றுக்காக அவ்வாறு கொதித்தவர்கள் எத்தனை பேர்?

குறிப்பேட்டின் வலிமை

பார்ப்பதால் விளையும் பயன் காவல் மட்டுமல்ல. சாட்சியமும் அதில் இருந்தே பிறக்கிறது. அமெரிக்காவில் பறவைக் கையேடுகளால் புகழ்பெற்ற ரோஜர் டோரி பீற்றர்சன் 1954 இல் கனெக்ரிக்கட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ஓல்ட் லைம் என்ற ஊரில் குடியேறினார். அப்போது அவ்வட்டாரத்தில் விராலடிப்பான் கூடுகள் நிறைய இருந்தன. ஆண்டுக்கு ஆண்டு அவை குறைந்துகொண்டே வந்தன. பறவைகள் வந்தன, கூடு கட்டின, முட்டை இட்டன, அடைகாத்தன. குஞ்சு மட்டும் வரவில்லை. எவரும் சுடவில்லை. எவரும் திருடவில்லை.

1960களின் இறுதியில் போல் ஸ்பிற்சர் என்ற இளம் ஆய்வாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். செசபீக் குடாவில், ஓரளவு நலமாக இருந்த கூடுகளில் இருந்து முட்டைகளை எடுத்துவந்து கனெக்ரிக்கட் கூடுகளில் வைத்தார். அவை பொரித்தன. கனெக்ரிக்கட் தாய்மாரின் அடைகாப்பில் குறை இல்லை, குறை அவர்கள் இட்ட முட்டையில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. டி.டி.ரி. என்ற பூச்சிக்கொல்லி மீன்களின் உடலில் சேர்ந்து, மீன் உண்ணும் பறவையின் உடலில் பன்மடங்கு செறிந்து, முட்டையின் ஓட்டை மெலிய வைத்தது. தாய் அமர்ந்ததும் முட்டை நொறுங்கியது. 1972 இல் அமெரிக்கா அதன் பொதுவான பாவனைக்குத் தடை விதித்தது. விராலடிப்பான்கள் மெல்ல மெல்ல மீண்டன.

ஆண்டுதோறும் கூடுகளை எண்ணி, குறிப்பேட்டில் எழுதி வைத்தவர்கள் இல்லாதிருந்தால் இந்த வழக்குக்குச் சாட்சி கிடைத்திருக்காது. இரசாயனக் கம்பனிகளுக்கு எதிராக நின்ற வாதங்களில் அந்தப் பென்சில் எண்களும் சேர்ந்திருந்தன. நாளேட்டில் சிறு செய்தி எழுதும் இளம் நிருபர்களுக்கு நான் அடிக்கடி கூறுவது ஒன்றுண்டு: திகதியையும் எண்ணையும் சரியாக எழுதுங்கள், அது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியாது.

தலையிடுவதா, விடுவதா?

கெயிலனிடம் திரும்பி வருவோம். தலையிடக் கூடாது என்போரின் வாதம் வலுவானது என்பதை மறுக்கமாட்டேன். ஓர் ஆதாரமும் அவர்களிடம் உண்டு. 2010 இல் ஸ்கொட்லாந்தின் லோவ்ஸ் ஏரிக் கூட்டில், 'லேடி' என்று மக்கள் அழைத்த முதிய பெண்பறவை நோயுற்றுச் சாய்ந்தது. கண்கள் மூடிக்கொண்டன. தலை தொங்கியது. இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் கண்ணீர் விட்டார்கள். அதிகாரிகள் தலையிடவில்லை. சில நாட்களில் அவள் தானாகவே எழுந்துவிட்டாள். மேலும் சில பருவங்கள் அதே கூட்டுக்கு வந்தாள். 2014 இல் கடைசியாக அவள் புறப்பட்டுச் செல்லும்போது, அந்தக் கூட்டில் இட்ட முட்டைகள் 71, பறந்து சென்ற குஞ்சுகள் 50 என்று கணக்குச் சொன்னார்கள்.

ஓரிடத்தில் தலையிடவில்லை, பறவை பிழைத்தது. மற்றோரிடத்தில் தலையிட்டார்கள், பறவை சில மாதங்களின் பின் இறந்தது. விளைவை மாத்திரம் வைத்துத் தீர்ப்பு எழுதினால், கையைக் கட்டிக்கொண்டிருப்பதே அறிவு என்றாகிவிடும். நான் அதை ஏற்கமாட்டேன்.

இயற்கையை அதன் போக்கில் விடுங்கள் என்று சொல்வதற்கு, அங்கே மனிதக் கை படாத இயற்கை இருக்க வேண்டும். டவியின் கூடு மனிதன் நாட்டிய கம்பத்தில் இருந்தது. அந்தத் தாயின் வழி மனிதன் கொண்டுவந்து வளர்த்த வழி. அந்த நாட்டில் விராலடிப்பான் கூடுகளை விரல்விட்டு எண்ணும் நிலை ஏற்பட்டதே மனிதனின் துப்பாக்கியாலும் முட்டைப் பெட்டியாலும். நூறு கூடுகள் உள்ள நாட்டில் ஒரு குஞ்சு மழையில் இறப்பது இயற்கை. ஓரிரு கூடுகளே உள்ள நாட்டில், பழைய கடனைத் தீர்க்க வேண்டியவன் கண்முன்னே அது இறக்கும்போது, இயற்கை என்ற சொல் ஒரு தப்பியோடும் வழியாகிவிடுகிறது.

அதற்காக ஒவ்வொரு முறையும் ஏணியைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. கமெராவின் முன்னே நடப்பதெல்லாம் நம்மைக் கேட்டு நடப்பதல்ல. மூத்த குஞ்சு இளையதைக் கொத்தும். பருந்து வந்து தூக்கும். தந்தை திரும்பாமல் போகும். இவற்றைப் பார்க்கும் மனவலிமை இல்லாதவர்கள் கூட்டைப் பார்க்கக் கூடாது. தொலைக்காட்சித் தொடரில் பாத்திரம் இறந்தால் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுவது போல, அங்குள்ள பணியாளர்களைத் திட்டுவது முறையல்ல. தலையிடும் முடிவு பறவையை அறிந்தவர்களுடையது. தூரத்தில் இருந்து அழுபவர்களுடையது அல்ல. ஆனால் அந்த முடிவை அவர்கள் வெளிப்படையாக, எல்லோரும் பார்க்க எடுக்க வேண்டும். ஏன் ஏறினோம், ஏன் ஏறவில்லை என்று காரணம் கூற வேண்டும். டவியில் அவ்வாறுதான் நடந்தது. பார்ப்பவர்கள் இருந்தமையால்தான் அந்தப் பொறுப்பும் வந்தது.

கெயிலன் ஒரு குளிர்காலத்தைக் கூடக் கடக்கவில்லை என்பதும் உண்மை. முதல் பயணம் புறப்படும் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீண்டும் தாய்மண்ணுக்கு வருவதில்லை. எனினும் பட்டினியால் கூட்டிலே மடிய இருந்த அந்தக் குஞ்சு, ஸஹாராவின் விளிம்பைக் கண்டது. ஆபிரிக்காவின் நீரிலே தன் காலாலேயே மீன் பிடித்தது. ஒரு பறவைக்கு அது சிறிய வாழ்க்கை அல்ல.

நமது கடனீரேரிகளில்

வேல்ஸின் விராலடிப்பான்கள் இங்கே வருவதில்லை. ஆனால் அதே இனம் வருகிறது. ஆசியாவின் வடபகுதிகளில் கூடு கட்டும் விராலடிப்பான்கள் சில, குளிர்காலத்தில் இந்தியாவின் கரையோரங்களுக்கும், அரிதாக இலங்கைக்கும் வருகின்றன. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளிலும் அவை காணப்படுகின்றன. இளம் நிருபனாக யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், பண்ணைப் பாலத்தினூடாகச் சைக்கிளில் போகும்போது ஒரு தை மாதக் காலையில் நானும் ஒன்றைக் கண்டேன். வலைக்காக நாட்டிய கம்பின் மேல் அமர்ந்து மீன் ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தது. வயிறு வெள்ளை. கண்ணின் ஊடாக ஒரு கரிய பட்டி. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம், "ஐயா, அது என்ன பறவை?" என்று கேட்டேன்.

"அது பிராந்துதான் தம்பி. ஆனா எங்கட பிராந்து இல்லை. மாரிக்கு வரும். பிறகு போயிடும். எங்க போகுதோ ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அன்று மாலை நான் அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முதியவர் சொன்னதில் ஒரு நிருபருக்குரிய முழுச் செய்தியும் இருந்தது: என்ன, எங்கே, எப்போது. "எங்கே போகிறது" என்பது மட்டுமே விடுபட்டிருந்தது. திகதியைக் கூட நான் குறித்து வைக்கவில்லை.

நம்மவர்கள் இன்று உலகெங்கும் வாழ்கிறார்கள். ஸ்கொட்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் விராலடிப்பான் கூடு கட்டும் ஏரிகளுக்கு அருகே வாழ்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். ஏப்ரலில் இருந்து ஓகஸ்ட் வரை ஒரு கூட்டைத் தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஊரில் இருப்பவர்கள், ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை கடனீரேரியின் கம்புகளை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கண்டால் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கூடு கட்டும் இடத்தில் அந்தப் பறவைக்கு ஆயிரம் கண்கள் காவல் இருக்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க வரும் இடத்தில், வலை உலர்த்தும் ஒரு முதியவரின் கண்கள் மட்டுமே இருந்தன. அவரும் இன்று இல்லை.

டவியின் திரையை நான் இன்னும் சில இரவுகளில் திறந்து பார்க்கிறேன். மொண்டி 2019 வரை வந்தது. 2020 வசந்தத்தில் வரவில்லை. எங்கே, எவ்வாறு முடிந்தது என்பதற்குச் சாட்சி எதுவுமில்லை. கூட்டில் வேறொரு ஆண் பறவை சுள்ளியுடன் வந்து இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகதியைக் குறித்துக்கொண்டார்கள்.